மார்பு அறுவைக்குப் பின் குழாயில் பால் நிறம்: நிணநீர்க் கசிவுக்கு எத்தனை நாள் காத்திருக்கலாம்?

கேள்வி இது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆன ஆறாம் நாள், குடலில் வைத்த குழாய் வழியே உணவு கொடுக்கத் தொடங்கியதும், அப்பாவின் மார்பு டிரெயினில், அதாவது மார்பில் சேரும் திரவத்தை வெளியே வடிக்கும் குழாயில், பால் மாதிரி திரவம் வர ஆரம்பித்திருக்கிறது. நாளொன்றுக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை. குழாய் உணவை நிறுத்திவிட்டு ரத்தக்குழாய் வழியே ஊட்டம் ஏற்றுகிறார்கள். ‘தானாக நின்றுவிடும், பார்ப்போம்’ என்கிறார்கள். எத்தனை நாள் பார்ப்பது, நிற்காவிட்டால் என்ன வழி, வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு எப்படி?

காத்திருப்பது தவறில்லை. கெடு வைக்காமல் காத்திருப்பதுதான் தவறு. கெடுவுக்கு அளவுகோல், 24 மணி நேரத்தில் டிரெயினில் சேரும் அளவு. திரவத்தின் நிறத்தையோ நோயாளியின் முகத்தெளிவையோ வைத்து முடிவெடுக்க முடியாது. உணவுக்குழாய் அறுவைக்குப் பின் பல மருத்துவர்கள் கையாளும் கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி. கொழுப்பை நிறுத்திச் சிகிச்சை தொடங்கி ஐந்தாம் நாளிலும் அதற்கு மேல் வந்தால், தானாக அடைபடும் வாய்ப்பு குறைவு. அப்பாவின் எடை 60 கிலோ என்றால் அந்தக் கோடு 600 மில்லி. இப்போது வருவது கோட்டுக்கு மேலே. ஆகவே அடுத்த கட்டத்துக்கான பேச்சை இன்றே தொடங்கிவிடுங்கள். ஐந்து நாள் முடிந்தபின் தொடங்கினால் ஏற்பாடு ஆவதற்குள் இன்னும் பல நாள் ஓடிவிடும்.

இந்தத் திரவம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். குடலில் செரித்த கொழுப்பில் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. கைலோமைக்ரான் என்ற நுண்துளிகளாக மாறி, குடல்சுவரின் நிணநாளங்களில் ஏறுகிறது. கால்களிலிருந்தும் ஈரலிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் நிணநீர் எல்லாம், வயிற்றின் பின்புறம் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சிஸ்டெர்னா கைலி என்ற பையில் கூடுகிறது. அங்கிருந்து மார்பு நிணநாளம் கிளம்புகிறது. மருத்துவமனையில் இதைத் தொராசிக் டக்ட் என்பார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, கண்ணாடி போல மெல்லிய குழாய் அது. உதரவிதானத்தில் பெருந்தமனி நுழையும் துளை வழியே மார்புக்குள் வந்து, முதுகெலும்பின் வலப்பக்கமாக, பெருந்தமனிக்கும் அங்கே ஓடும் அசைகஸ் என்ற சிரைக்கும் நடுவில் ஏறும். ஏறத்தாழ ஐந்தாம் மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் இடப்பக்கம் திரும்பி, கடைசியில் இடது கழுத்தின் அடியில் இரண்டு பெரிய சிரைகள் கூடும் இடத்தில் ரத்தத்தில் கலக்கும். இதனால்தான் கீழ்ப்பகுதியில் காயம் பட்டால் பெரும்பாலும் வலது மார்பிலும், மேற்பகுதியில் பட்டால் இடது மார்பிலும் திரவம் சேர்கிறது.

உணவுக்குழாய் இந்த நாளத்தை ஒட்டியே ஓடுகிறது. புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள நிணக்கணுக்களையும் சேர்த்து எடுக்கும்போது நாளத்தில் ஒரு கிளை அறுபடுவதோ சுவர் கிழிவதோ கைதேர்ந்த அறுவையிலும் நடக்கிறது. அறுவைக்கு முன் பட்டினி இருந்தவரின் நாளம் நிறமற்று, சுருங்கிக் கிடக்கும். ரத்தம் கசிந்தால் சிவப்பாகத் தெரியும், இது தெரியாது. அதனால் கசிவைக் கவனக்குறைவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆறாம் நாள் வரை ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஒரு பெரியவரின் நாளத்தில் தினமும் ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை ஓடும். கொழுப்பு சாப்பிட்டால் ஓட்டம் பல மடங்கு கூடும், பட்டினியில் சிறு கசிவாக அடங்கிவிடும். கசிந்தது முதலில் மார்பின் நடுப்பகுதிச் சவ்வுக்குப் பின்னால் தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு நுரையீரலைச் சுற்றிய இடத்துக்குள் வரவும் செய்யும். உணவு தொடங்கும் நாளில் வெள்ளையாக வெளிப்படுவது வழக்கமான நடை.

பால் நிறம் என்றாலே நிணநீர் என்று சொல்லிவிட முடியாது. பட்டினியில் இருப்பவருக்கு நிணநீர் தேன் நிறமாகவோ, ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாகவோ வரலாம். மறுபுறம், வெள்ளையாக வருவதெல்லாம் நிணநீரும் இல்லை. ஆகவே திரவத்தைச் சோதனைக்கு அனுப்பினார்களா, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எவ்வளவு என்று கேளுங்கள். டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிணநீர்க் கசிவு என்றே கொள்ளலாம். 50-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. ஆனால் சோதித்த திரவம் பட்டினி நாளில் எடுத்ததா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் கைலோமைக்ரான் இருக்கிறதா என்று லிப்போபுரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் சோதனையில் தேடுவார்கள். செல் எண்ணிக்கையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களே பெரும்பான்மையாக இருக்கும்.

உங்கள் அப்பாவின் நிலையில் ஏமாற்றக்கூடிய மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, சீழ். மாதிரியைச் சுழற்றி வைத்தால் சீழில் செல்கள் அடியில் படிந்து மேலே தெளியும், நிணநீர் அப்படியே பாலாக நிற்கும். இரண்டு, உணவுக்குழாயை இரைப்பையோடு இணைத்த இடத்தில் கசிவு. எச்சில் கலப்பதால் திரவத்தில் அமிலேஸ் என்ற செரிமான நொதி மிக அதிகமாக இருக்கும், காய்ச்சலும் சேர்ந்து வரும். இது நிணநீர்க் கசிவைவிட அவசரமான பிரச்சினை. இதைத் தவறவிடவே கூடாது. மூன்று, ஊட்டம் ஏற்றக் கழுத்துச் சிரையில் போட்ட மெல்லிய குழாய், அதாவது லைன், இடம் மாறி, ரத்தக்குழாய் ஊட்டமே மார்புக்குள் ஒழுகுவது. அதிலும் கொழுப்பு இருப்பதால் டிரைகிளிசரைடு உயர்ந்தே காட்டும், ஆனால் திரவத்தில் சர்க்கரை ரத்தச் சர்க்கரையைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரு குளுக்கோஸ் சோதனை சேர்த்தால் தெரிந்துவிடும்.

பழைய வழி ஒன்றும் இன்றும் பயன்படுகிறது. குழாய் வழியே பாலாடை அல்லது எண்ணெய் கொடுத்துவிட்டுச் சில மணி நேரத்தில் டிரெயின் திரவம் வெளுக்கிறதா என்று பார்ப்பது. அப்பாவுக்குக் குழாய் உணவு தொடங்கியதுமே அந்தச் சோதனை தானாக நடந்துவிட்டது என்று சொல்லலாம்.

டிரெயின் கணக்கு

எல்லா முடிவும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிய வெள்ளை டேப்பில் தினமும் ஒரே நேரத்தில், காலை 6 மணி என்றால் 6 மணிக்கே, கோடு போட்டுத் தேதியும் நேரமும் எழுத வேண்டும். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்துக் குறிக்க வேண்டும், நின்றபடி மேலிருந்து பார்த்தால் 30, 40 மில்லி கூடக் குறையத் தெரியும். மேலே நுரை இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் 20 மணி நேரக் கணக்கும் மறுநாள் 28 மணி நேரக் கணக்கும் எழுதினால் குறைகிறதா கூடுகிறதா என்றே தெரியாது. இரண்டு டிரெயின் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதி, பிறகு கூட்டுங்கள்.

நேற்று 900, இன்று 50 என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். நிணநீரில் ஃபைப்ரின் என்ற உறைபுரத இழைகள் இருக்கும். அவை குழாயை அடைத்துவிடலாம். குழாய் உடம்புக்கு அடியில் மடிந்திருக்கலாம். மூச்சுவிடும்போது பாட்டிலில் குழாய் மூழ்கியிருக்கும் நீர்ப்பூட்டில் மட்டம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நிஜமாகவே அடைபடும் கசிவு பொதுவாக நாளுக்கு நாள் படிப்படியாக இறங்கும். அடைத்த குழாய்தான் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு விழும். திரவம் உள்ளே தேங்கினால் மூச்சுத்திணறலோடு நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தமும் இறங்கலாம்.

குழாய் இல்லாமல் பெரிய அளவு தேங்கியிருந்து புதிதாகக் குழாய் போடும்போது ஒரே மூச்சில் வடிக்கக் கூடாது. ஒன்று, ஒன்றரை லிட்டர் வந்ததும் குழாயை மூடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒழுகிப் போவது என்ன?

வெறும் கொழுப்பு போவதாக நினைப்பவர்கள் அதிகம். கொழுப்பு இழப்பு இதில் சின்ன விஷயம். ஒரு லிட்டர் நிணநீரில் 20 முதல் 30 கிராம் வரை, சில சமயம் அதற்கு மேலும், புரதம் போகிறது. அதில் அல்புமினும் உண்டு, கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலினும் உண்டு. சோடியத்தின் அளவு ஏறத்தாழ ரத்தத்தில் இருப்பதே. அதோடு லிம்போசைட்டுகள், பெரும்பாலும் டி செல்கள், கோடிக்கணக்கில் வெளியேறுகின்றன. தினம் ஒரு லிட்டர் என்று பத்து நாள் விட்டால் கால் கிலோ புரதம் போய்விடும். புற்றுநோயில் ஏற்கெனவே இளைத்தவருக்கு, புதிதாகத் தைத்த இணைப்பு ஆற வேண்டிய நாட்களில், இது பெரிய இழப்பு. நிணநீர் தன்னளவில் கிருமி எளிதில் வளராத திரவம் என்பதால் மார்பில் சீழ் பிடிப்பது அரிது. ஆனால் உடம்பின் மற்ற இடங்களில், குறிப்பாக லைன் வழியாக, தொற்று வர இடமிருக்கிறது.

ஆகவே காத்திருக்கும் நாட்களில் ஈடுசெய்வதும் நடக்க வேண்டும். போன அளவைப் பார்த்து ரிங்கர் லாக்டேட் போன்ற திரவமும், தேவைப்பட்டால் அல்புமினும் கொடுப்பார்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அல்புமின், லிம்போசைட் எண்ணிக்கை, தினசரி எடை ஆகியவற்றின் பட்டியலை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். லிம்போசைட் தொடர்ந்து சரிந்தால் காத்திருக்கும் கெடுவை முன்னுக்கு இழுக்க வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது மருந்துகள். டிகாக்சின், அமியோடரோன், சைக்ளோஸ்போரின் போன்றவை நிணநீரோடு வெளியேறி, ரத்தத்தில் அளவு குறைந்தது பதிவாகியிருக்கிறது. உணவுக்குழாய் அறுவைக்குப் பின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறி அமியோடரோன் போடுவது சகஜம். கட்டுக்குள் வரவில்லை என்றால் இந்தக் காரணத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஊட்டம்: எது ஏன்?

குடலுக்குள் கொழுப்பு போகாமல் இருந்தால் நாளத்தில் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் ஓட்டை அடைபட வாய்ப்பு கிடைக்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, வாய் வழியும் குழாய் வழியும் எதுவும் இல்லாமல் முழுக்க ரத்தக்குழாய் ஊட்டம், அதாவது டி.பி.என். இன்னொன்று, கொழுப்பில்லா உணவோடு எம்.சி.டி. எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு.

டி.பி.என்.-இல் வெள்ளையாகத் தொங்கும் கொழுப்புப் பையைப் பார்த்துவிட்டு ‘கொழுப்பே கூடாது என்று சொல்லிவிட்டு இதை ஏற்றுகிறார்களே’ என்று உறவினர்கள் பதறுவது உண்டு. தேவையில்லை. சிரைக்குள் நேராகப் போகும் கொழுப்பு குடல் நிணநாளத்தைத் தொடுவதே இல்லை. அதை நிறுத்தினால்தான் சிக்கல். சில வாரங்களில் தோல் வறண்டு செதில் உதிரும், முடி கொட்டும், காயம் ஆறாது. லினோலெயிக் அமிலம் போன்ற அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களை உடம்பு தானே செய்துகொள்ளாது.

எம்.சி.டி. வேலை செய்வது, அதன் எட்டு, பத்து கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள் கைலோமைக்ரான் ஆகாமல் நேராக ஈரலுக்குப் போகும் சிரையில் ஏறுவதால். மருந்துக்கடை எம்.சி.டி. எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டிக்கு, அதாவது 15 மில்லிக்கு, சுமார் 115 கலோரி. முதல் நாளே மூன்று கரண்டி ஊற்றினால் வயிறு கடுத்துப் பேதியாகும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒவ்வொரு வேளையும் உணவோடு பிரித்து, சில நாட்களில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பொரிப்பதற்கு ஆகாது, சீக்கிரம் புகைந்து கசந்துவிடும். ஆறிய உணவில் கலக்கலாம், பழச்சாற்றில் அடித்துக் கொடுக்கலாம்.

தேங்காய் எண்ணெயும் அதுதானே என்று கேட்பார்கள். இல்லை. அதில் ஏறத்தாழ பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் கணிசமான பங்கு நிணநாளம் வழியேதான் போகும். எட்டும் பத்தும் சேர்ந்து மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். கசிவு உள்ளவருக்கு அது சாதாரண எண்ணெய்தான்.

எம்.சி.டி.-யையும் அளவின்றிக் கொடுக்கக் கூடாது. சிறு பங்கு அப்போதும் நிணநீரில் சேரும். அதில் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களும் கிடையாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கவனிக்கப்பட வேண்டும்.

அப்பாவுக்கு எது? நாளுக்கு 800-க்கு மேல் வரும்போது முழு ஓய்வு கொடுத்து டி.பி.என். போவது நியாயம். 500-க்குக் கீழே, குடல் நன்றாக வேலை செய்யும் நிலையில், கொழுப்பில்லாக் குழாய் உணவே போதும் என்பது என் கருத்து. டி.பி.என். லைனால் வரும் தொற்று அற்பமானது அல்ல. இன்னொன்று, லைன் போடும்போது முடிந்தவரை இடது கழுத்தையும் இடது தோளையும் தவிர்க்கலாம். அங்கே சிரையில் ரத்தம் உறைந்தால் நாளத்தின் வாயே அடைபட்டு, பின்னழுத்தம் கூடிக் கசிவு பெருகும்.

ஆக்ட்ரியோடைட் ஊசி

இந்த மருந்து குடல் சுரப்புகளையும் குடலுக்கான ரத்த ஓட்டத்தையும் குறைப்பதால் நிணநீரும் குறைகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, 50 முதல் 100 மைக்ரோகிராம், தோலுக்கடியில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிலர் தொடர் டிரிப்பாகக் கொடுப்பார்கள். பலன் இருந்தால் மூன்று, நான்கு நாளில் டிரெயின் கணக்கில் தெரிந்துவிடும். ஒரு வாரம் கொடுத்தும் டிரெயின் அளவு இறங்கவில்லை என்றால் அதை இழுத்துக்கொண்டே போவதில் பொருளில்லை. சர்க்கரை ஏறலாம், இறங்கலாம். நாடி மெதுவாகலாம். வயிற்றுப்போக்கு வரும். வாரக்கணக்கில் கொடுத்தால் பித்தக்கல். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் என்றால் அடிக்கடி சோதிக்க வேண்டும். மிடோட்ரின் போன்ற, நாளத்தின் சுவரைச் சுருங்கச் செய்யும் மருந்துகளும் சில இடங்களில் முயலப்படுகின்றன. அவற்றுக்கான ஆதாரம் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் பதிவுகள்தான்.

கோடு எங்கே?

ஒரே எண்ணை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எண்களுக்கிடையே பெரிய முரண்பாடு கிடையாது. கொழுப்பை நிறுத்தியும் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல், ஐந்து நாள் தொடர்ந்தால் தலையிட வேண்டும். உணவுக்குழாய் அறுவையில் மேலே சொன்ன கிலோவுக்கு 10 மில்லிக் கணக்கு. அளவு குறைவாக இருந்தாலும் இரண்டு வாரம் கடந்து நிற்காவிட்டால் தலையிட வேண்டும். எடையும் அல்புமினும் சரிந்தால் இவற்றுக்கு முன்பே. நாளுக்கு 500-க்குக் கீழே, தினமும் இறங்கிக்கொண்டே இருந்தால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். நுரையீரல் அறுவைக்குப் பின் வரும் கசிவுகள் பெரும்பாலும் இந்த வகை, உணவு மாற்றத்திலேயே அடங்கிவிடும். உணவுக்குழாய் அறுவையில் மைய நாளமே கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பொறுமைக்கு எல்லை சின்னது.

பொறுமையின் விலை என்ன என்பதற்கு வரலாறு இருக்கிறது. நாளத்தை மார்புக்குள் கட்டி நிறுத்தலாம் என்று லாம்ப்சன் என்ற அறுவை மருத்துவர் 1948-இல் காட்டும்வரை, அறுவையாலோ காயத்தாலோ வந்த கசிவில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தார்கள். ஊட்டமும் புரதமும் ஒழுகி, மெலிந்து, தொற்றில் போனார்கள்.

அறுக்காமல் அடைப்பது

1990களின் இறுதியில் கான்ஸ்டன்டின் கோப் என்ற கதிரியக்க மருத்துவர் வளர்த்தெடுத்த முறை, தொராசிக் டக்ட் எம்போலைசேஷன். வசதி இருக்கும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு தொடை இடுக்கிலும் அல்ட்ராசவுண்டில் நிணக்கணுவைக் கண்டுபிடித்து, மெல்லிய ஊசியின் நுனியை அதன் நடுவில் நிறுத்துவார்கள். லிபியோடால் என்ற அயோடின் கலந்த எண்ணெயை மிக மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகச் செலுத்துவார்கள். வேகமாகத் தள்ளினால் கணு வெடித்து எண்ணெய் திசுவில் பரவிவிடும். எக்ஸ்ரே திரையில் எண்ணெய் மணிமணியாக இடுப்பைக் கடந்து மேலே ஏறுவது தெரியும். சிஸ்டெர்னா கைலிக்கு வர அரை மணியோ ஒரு மணியோ ஆகலாம். பை தெரிந்ததும் வயிற்றின் முன்பக்கம் வழியே 21 அல்லது 22 கேஜ் நீள ஊசியால் அதைக் குத்தி, மெல்லிய கம்பியையும் அதன் மேல் மைக்ரோ கதீட்டர் என்ற நுண்குழாயையும் நாளத்துக்குள் ஏற்றுவார்கள். சாயம் மார்புக்குள் புகையாய்ப் பரவும் இடம்தான் ஓட்டை. அதற்குக் கீழும் மேலும் பிளாட்டினக் காயில்கள் வைத்து, என்.பி.சி.ஏ. பசை ஊற்றி நாளத்தை அடைத்துவிடுவார்கள்.

நாளத்துக்குள் கதீட்டர் ஏறிவிட்டால் பெரும்பாலானோருக்குக் கசிவு நிற்கிறது. ஏறாமல் போவதுதான் பெரிய தடை. பை எல்லோருக்கும் தெளிவாக அமைவதில்லை, சிலருக்கு நாளம் வலைபோலப் பிரிந்திருக்கும். அப்போதும் செலவழித்த நேரம் வீணில்லை. லிபியோடாலே ஓட்டையைச் சுற்றி எரிச்சல் உண்டாக்கிச் சில நாளில் அடைத்துவிடுவது உண்டு, குறிப்பாக நாளுக்கு 500 மில்லிக்குக் கீழே உள்ளவர்களுக்கு. அதோடு அறுவை மருத்துவருக்கு ஒரு வரைபடமும் கிடைத்துவிடும்.

எச்சரிக்கை உண்டு. எண்ணெய் கடைசியில் நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே மொத்த அளவைக் கட்டுக்குள் வைப்பார்கள். நுரையீரல் மிகவும் பலவீனமானவர், அயோடின் மருந்தில் கடும் ஒவ்வாமை வந்தவர் ஆகியோருக்கு யோசிக்க வேண்டும். இதயத்தில் வலமிருந்து இடமாக ரத்தம் கடக்கும் துளை இருந்தால் எண்ணெய் மூளைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. அடைத்தபின் சிலருக்கு நாள்பட்ட பேதி, கால் வீக்கம் வரலாம்.

கட்டுவது

எம்போலைசேஷன் வசதி இல்லை, அல்லது பலிக்கவில்லை, அல்லது கசிவு நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்றால் அறுவை. ஓட்டையைத் தேடித் தைப்பதைவிட, வலது மார்பு வழியே உதரவிதானத்துக்குச் சற்று மேலே நாளத்தைச் சேர்த்துக் கட்டுவது நம்பகமானது. காரணம், மேலே இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்திருக்கும் நாளம் இந்த உயரத்தில் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். நாளம் தனியாகத் தெரியாவிட்டாலும் பெருந்தமனிக்கும் அசைகஸ் சிரைக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட திசு முழுவதையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கசிவு இடப்பக்கம் என்றாலும் இதே இடம்தான். தொராக்கோஸ்கோபி மூலம் சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம்.

அறுவைக்குச் சில மணி நேரம் முன்னால் குழாய் வழியே 100 முதல் 200 மில்லி பாலாடையோ ஆலிவ் எண்ணெயோ கொடுத்தால், நாளம் வெள்ளையாகப் பொங்கி ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். பல நாள் பட்டினி போட்டவருக்கு அறுவைக்கு முன் கொழுப்பு கொடுக்கிறார்களே என்று திகைக்க வேண்டாம். மயக்க மருத்துவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதுகெலும்பை ஒட்டிய பக்கக் கிளைகள் வழியே நிணநீர் வேறு வழி கண்டுகொள்ளும் என்பதால் நாளத்தைக் கட்டுவதால் பெரும்பாலானோருக்கு நீண்டகாலக் கேடு இல்லை. அறுவை முடிந்ததும், அல்லது அறுவை தாங்காதவருக்குத் தனியாகவும், டால்க் தூளால் நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைக்கும் ப்ளூரோடெசிஸ் செய்யலாம், அளவு 4 முதல் 5 கிராம். நுரையீரல் முழுதாக விரிந்து சுவரைத் தொட்டிருந்தால்தான் பலிக்கும். விரியாத நுரையீரலில் டால்க் போட்டால் திரவம் அறை அறையாகச் சிக்கி நிலைமை மோசமாகும்.

குழந்தைகளுக்கு இதய அறுவைக்குப் பின் வரும் கசிவு வேறு கணக்கு. இதைப் படிக்கும் பெற்றோருக்காகச் சில வரி. பெரும்பாலும் காரணம் கிழிசல் மட்டும் அல்ல. ஃபான்டான், கிளென் என்ற பிறவி இதயக் கோளாறு அறுவைகளுக்குப் பின் மேற்புறச் சிரைகளில் அழுத்தம் கூடுவதோ, லைன் போட்ட சிரையில் ரத்தம் உறைவதோ நிணநீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எனவே எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்காமல் பால்பவுடரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பாதி வைத்தியம். கைக்குழந்தைக்கு எம்.சி.டி. அடிப்படையிலான பவுடர், அல்லது தாய்ப்பாலைச் சுழற்றிக் கொழுப்பை நீக்கி, அதில் கலோரியும் அத்தியாவசியக் கொழுப்பும் சேர்த்துக் கொடுப்பது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆன்டித்ரோம்பின் புரதமும் ஒழுகுவதால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, அதைக் கண்காணிக்க வேண்டும். ஆக்ட்ரியோடைட் கொடுக்கும் பச்சிளங்குழந்தைக்கு வயிறு உப்பினால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குழாயை எடுப்பதும் வீட்டுச் சாப்பாடும்

டிரெயின் நாளுக்கு 200 மில்லிக்குக் கீழே வந்து, தெளிவாகவும் இருந்தால் எடுக்க யோசிக்கலாம். ஆனால் எடுக்கும் முன் கொழுப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கொழுப்புள்ள உணவைத் தொடங்கி ஒரு நாள், இரண்டு நாள் அளவும் நிறமும் மாறாமல் இருந்தால்தான் குழாயை எடுப்பது பத்திரம். கொழுப்பில்லா உணவிலேயே எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டதும் மூச்சு முட்டித் திரும்பி வருபவர்கள் உண்டு. மருத்துவர் கொழுப்பில்லா உணவிலேயே அனுப்புவதாக இருந்தால், எப்போது எக்ஸ்ரே எடுக்க வர வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி அனுப்பினால் பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், சாதாரணக் கொழுப்பு நாளுக்கு 10 கிராமுக்குள். இது நினைப்பதைவிடக் கடுமையான அளவு, ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே நாலரை கிராம் போய்விடும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் கிட்டத்தட்ட ஐந்து கிராம். வெள்ளைக்கரு, கொழுப்பு நீக்கிய பால், அதிலிருந்து எடுத்த தயிர், பருப்பு, சோறு, பழம், காய்கறி என்று கொடுங்கள். அவகாடோவும் கொட்டைகளும் வேண்டாம். ‘கொழுப்பு இல்லை’ என்று அச்சிட்ட பொட்டலத்திலும் அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விதிப்படி ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் கீழே இருக்கலாம். நாள் முழுக்கப் பத்துப் பரிமாறல் சாப்பிட்டால் அதுவே கணக்கில் சேரும். புரதம் கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. இரைப்பையை மேலே இழுத்து வைத்த அறுவை என்பதால் ஒரே வேளையில் அதிகம் இறங்காது, ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, எண்ணெயில் கரைத்த வைட்டமின் டி மாத்திரை இரண்டிலும் கொழுப்பு உண்டு. நீரில் கலக்கும் வடிவம் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தினமும் காலையில் எடை பாருங்கள். படுத்தால் மூச்சு வாங்குவது, மாடி ஏறும்போது நேற்றைவிட இன்று இளைப்பது, சாப்பிட்டபின் மார்பில் ஒரு பக்கம் கனம், குழாய் எடுத்த துளையில் வெள்ளையாக ஈரம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே எக்ஸ்ரே. காய்ச்சலோடு கெட்ட வாடையுள்ள திரவம் வந்தால் அது நிணநீர் இல்லை என்று கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.